இன்றைக்குச் சரி

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், என் மாமியாரின் கட்டிலோரம் இருக்கும் அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தது. மணி அடிக்கவில்லை.

வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொன்னதற்கு அவை பொறுத்தருள வேண்டும். மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனர் அவர்களே! வீட்டுச் செவிலியர் சேவையின் தலைமைச் செவிலியர் அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், சாரின் துணைவியார் அம்மா அவர்களே! விடுமுறை நாளிலும் வந்திருக்கும் என் பட்டறைத் தோழர் தோழியரே! எங்கள் மணிகள் தொங்கும் வீடுகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகள் எங்கள் சோதனைப் பிரிவின் தலைவராக இருந்தவர், போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். பணிப்பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பட்டறையில் அவருக்கு ஒரே பெயர்தான், சந்தேகம் சார். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் தேநீர் வேளையில் கேட்டே விட்டார்.

"இந்தப் பேரை எனக்கு வச்சது யாரு?"

எல்லோரும் தேநீரை ஊதிக் குடிக்க ஆரம்பித்தோம்.

"அப்ப எல்லாரும் சேர்ந்துதான் வச்சிருக்கீங்க. ஒருத்தர் வச்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். பத்துப் பேர் வச்சிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தேநீர்க் குவளையின் அடியைத் தூக்கிப் பார்த்தார். விரிசல் இருக்கிறதா என்று!

அவர் யாரைத்தான் நம்பினார்? கடைக்காரரை நம்பினாரா? பேட்டரியின் மேல் அச்சடித்திருந்ததை நம்பினாரா? தன் மீட்டரையாவது நம்பினாரா? மேசையில் இரண்டு மீட்டர் வைத்திருந்தார். ஒன்று சொல்வது உண்மையா என்று இன்னொன்றிடம் கேட்பார். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால், "ரெண்டும் பேசி வச்சுக்கிச்சு" என்பார். இதோ, அவர் படத்துக்கு முன்னால் பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தியை யாரோ அன்போடு வைத்திருக்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் அதன் அடிமூடி கழன்றிருக்கும். நான் இப்போது பேசும் இந்த ஒலிவாங்கியைக்கூட, மேடையேறும் முன் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவரோடு ஒன்பது ஆண்டு உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் படித்தவள் என்ற நினைப்போடு போனேன். அவர் என் முன்னால் நான்கு பென்சில் பேட்டரிகளை வரிசையாக வைத்தார். "இதுல ஒண்ணு செத்துப்போச்சு. எதுன்னு சொல்லும்மா" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட். மறுபடியும் பார்த்தேன். அதே ஒன்றரை.

"எல்லாமே நல்லாத்தான் சார் இருக்கு."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குட்டி பல்பை எடுத்து ஒவ்வொன்றிலும் மாட்டி எரியவிட்டார். மூன்றாவது பேட்டரியில் பல்பு ஒரு முறை சிவந்து அடங்கியது. மீட்டரில் ஒன்றரை என்று காட்டியது, பல்பை மாட்டியதும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே சரிந்து கிடந்தது.

"சும்மா நிக்க வச்சுக் கேட்டா எல்லாரும் நல்லவங்கதாம்மா. வேலை கொடுத்துப் பாரு, அப்பத்தான் தெரியும்" என்றார். அது பேட்டரிக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகம். இன்று காலை வரை அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் மணியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எழுந்து நடக்க முடியாதவர்களுக்காகச் செய்வது அது. கட்டிலோரம் ஒரு பொத்தான், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, அறைக்கு வெளியே சுவரில் ஒரு சிறிய பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டி கத்தும். பெட்டிக்குள் நான்கு பென்சில் பேட்டரிகள். பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிய ஆரம்பித்த பிறகும் சில நாள் தாங்கும். அதற்குள் மாற்றிவிடலாம். இவ்வளவுதான் மணி.

இந்த நான்கு பேட்டரிகளைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் ஏழு மாதம்! வடிவமைப்புப் பிரிவில் சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி போட்டு, அட்டை போல ஒரு மெல்லிய மணியைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. சார் அழுத்தினார். ஒரு முனகல் வந்து நின்றது. "இது கைக்கடிகாரத்துக்குப் பொறந்த பிள்ளை. இதைப் போய்க் கத்தச் சொல்றீங்களே, மயக்கம் போட்டுடும்" என்றார். அடுத்து, கைபேசியில் இருப்பது போலச் சார்ஜ் போடும் பேட்டரி வந்தது. "படுத்த படுக்கையா இருக்கிறவங்க எழுந்து போய்ச் சார்ஜ் போடுவாங்களா? இல்ல, மருமக மறக்காம போடுவாளா?" என்று கேட்டார். நான் மருமகள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

கடைசியில் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரிதான் என்று முடிவாயிற்று. அதோடு விட்டாரா? "யாராவது வீட்ல கிடக்கிற சார்ஜ் பேட்டரியை இதுல சொருகுவாங்க. அது ஒண்ணே கால் வோல்ட்டைக்கூடத் தொடாது. அதுலயும் கத்தணும்" என்று அதையும் போட்டுப் பார்த்தார்.

பிறகு ரெகுலேட்டர். மூன்று கால் உள்ள ஒரு சிறிய சில்லு. புதுப் பேட்டரி நான்கும் சேர்ந்து ஆறு வோல்ட் கொடுக்கும். மணியின் சுற்றுக்கு மூன்று புள்ளி மூன்று போதும். அந்த மூன்று புள்ளி மூன்றை மட்டும் அளந்து உள்ளே விடுவது இந்தச் சில்லின் வேலை. இதைப் பற்றி அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்: "எவ்வளவு குடுப்பேன்னு எல்லா ரெகுலேட்டரும் நெத்தியில எழுதி வச்சிருக்கும். தனக்கு எவ்வளவு வேணும்னு எழுதியிருக்காது. அதை நீதான் கேட்கணும். ரெண்டே கேள்வி. வேலை செய்யறதுக்கு, நீ குடுக்கறதுக்கு மேல எவ்வளவு மிச்சம் வேணும்? சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னுவ?"

எங்கள் மணிக்கு அவர் தேர்ந்தெடுத்த ரெகுலேட்டர் அதிகம் கேட்காது. பேட்டரி இளைத்து நான்கு வோல்ட்டுக்குக் கீழே போன பிறகும் குறையாமல் கொடுக்கும். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய எதுவுமே தின்னாது. அதனால்தான் உங்கள் வீட்டு மணிகள் ஒரு பேட்டரித் தொகுதியில் ஓராண்டுக்கு மேல் ஓடின. யாருக்காவது அவர் பெயர் தெரிந்ததா? மணி அடித்தது, மருமகள் வந்தாள், மகன் வந்தான், செவிலியர் வந்தார். சோதித்தவரை யார் நினைத்தார்கள்!

அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் 'முதியோர் இல்லம்' என்று எழுதி ஒட்டியிருப்பார். உள்ளே பாதி செத்த பேட்டரிகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு காகிதத் துண்டு, அதில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்ற கணக்கு. ஒவ்வொரு தொகுதி மணி வரும்போதும் அந்த டப்பாவைத்தான் திறப்பார். "புதுப் பேட்டரி போட்டா மோசமான மணிகூட அடிக்கும். கெழவங்களை வச்சு அடிக்க வை, பாப்போம்" என்பார். அடித்தால்தான் சோதனைத் தாளில் கையெழுத்து. அதிலும் 'சரி' என்று எழுத மாட்டார். 'இன்றைக்குச் சரி' என்றுதான் எழுதுவார். நாளைக்கு அவர் பொறுப்பில்லை என்பதால் அல்ல. நாளைக்கும் பார்ப்பேன் என்பதால்.

இப்போது காலையில் நடந்ததற்கு வருகிறேன்.

"அத்தை, மணி எப்ப அழுத்துனீங்க?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அஞ்சு மணியிலேருந்து மூணு தடவை."

"வாயால கூப்பிட்டிருக்கலாமே!"

"மணி அடிச்சே வராதவ, கூப்பிட்டா மட்டும் வந்துடுவியா? நேத்து சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சொன்னேன்ல, அந்தக் கோவம்னு நெனைச்சேன்."

அவருக்குக் காது மந்தம். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்ததாகவே நினைத்திருக்கிறார். அடித்தும் நான் வரவில்லை என்று ஒன்றரை மணி நேரம் ஈரத் துணியோடு கிடந்திருக்கிறார். என்மேல் சந்தேகம். எனக்கு மணியின் மேல் சந்தேகம். பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. பேட்டரியைக் கழற்றாமலே அளந்தேன். நான்கும் சேர்ந்து நான்கு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மணி அடிக்க அது தாராளமாகப் போதும். அடிக்கவில்லை. அதோடு, அவை பதினெட்டே நாள் முன்பு, புதுத் தொகுதியிலிருந்து இந்த மணியை மாட்டியபோது போட்ட புதுப் பேட்டரிகள். பதினெட்டு நாளில் யார் தின்றார்கள் இவ்வளவையும்?

பட்டறையின் ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. போய்த் திறந்து, அந்தத் தொகுதியில் மிஞ்சிய ஒரு மணியின் சுற்றுப் பலகையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். ரெகுலேட்டர் மாறியிருந்தது. அதே மூன்று கால். நெற்றியில் அதே மூன்று புள்ளி மூன்று. ஆனால் வேறு ஆள். சாரின் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். மிச்சம் எவ்வளவு வேணும்? ஒரு வோல்ட்டுக்கு மேலே வேணும் என்றது, அதாவது பேட்டரியில் நான்கரை வோல்ட்டாவது இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னுவ? நம் பழைய ரெகுலேட்டரைப் போல நூறு மடங்குக்கு மேல் தின்கிறது. ஒரு வருடச் சோற்றை மூன்று வாரத்துக்குள் தின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குப் பேட்டரி இளைப்பதற்கு முன்பே மணிக்குக் கிடைப்பது குறைந்து, மணி ஊமையாகிவிடுகிறது. எச்சரிக்கை கிடையாது. அழுத்துகிறவர், அடித்தது என்று நினைப்பார். வர வேண்டியவர், அழுத்தவில்லை என்று நினைப்பார்.

யார் செய்தது இது? உள்ளதைச் சொல்கிறேன். பட்டறையின் வெறும் மேசைகளுக்கு நடுவே நின்று ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டேன். முதலில் உதிரிபாகக் கடைக்காரரை. பிறகு நிறுவனர் அவர்களை, மன்னிக்க வேண்டும் ஐயா, செலவைக் குறைக்கச் சொன்னீர்களோ என்று. பிறகு, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கும் எங்கள் கொள்முதல் அக்காவை. அவரைத்தான் அதிகம். ரெகுலேட்டர் அவர் கை வழியாகத்தானே வருகிறது! அவர் வீட்டு எண்ணைக்கூடக் கைபேசியில் எடுத்துவிட்டேன். அழுத்தப் போகும்போது, மூன்று வாரத்துக்கு முன்னால் படிக்கட்டில் நின்று அவர் பேசியது நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, பழைய சரக்கு வரலையாம். இதுவும் அதேதான், அப்படியே உட்காரும்னு கடைக்காரர் சொல்றார். நீ கொஞ்சம் நல்லாப் பாத்துடு. சாரும் ஆஸ்பத்திரியில இருக்காரு."

"பாத்துடறேன் அக்கா."

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

அக்கா, உங்களைச் சந்தேகப்பட்டதற்கு இந்த அவையின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நான் ஒரு முறைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். 'முதியோர் இல்லப் பேட்டரியில் அடித்ததா?' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. 'சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்கிறது?' என்ற கட்டத்தில் போன தொகுதியின் எண்ணை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். அதே வடிவம்தானே, மறுபடி எதற்கு அளப்பது என்று. அது சோம்பல். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

ஆனால் முதல் கட்டம்? அது பொய்யில்லையே! நான் உண்மையாகவே அந்த டப்பாவைத் திறந்து, அதிலிருந்த பேட்டரிகளைப் போட்டுத்தான் சோதித்தேன். நூற்றுப் பதினாறு மணிகளும் அடித்தன. எப்படி அடித்தன?

இனிச் சொல்வதை, அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும்.

சார் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம் அவர் மேசையை நான் துடைத்தேன். அவர் திரும்பி வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு மீட்டரையும் துடைத்தேன். இழுப்பறையை ஒழுங்குபடுத்தினேன். டப்பாவைத் திறந்தால், பழைய பேட்டரிகள் கசிந்து வெள்ளை பூத்துக் கிடந்தன. ஐயோ, சார் கையில் இது படுமே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புதுப் பேட்டரிகள் வாங்கி நிரப்பினேன். அன்பாகச் செய்தேன்! அந்த வாரக் கடைசியில் வேலை மும்முரத்தில், அதே டப்பாவைத் திறந்து, அதே பேட்டரிகளைப் போட்டு, அதே கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். முதியோர் இல்லத்தில் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் படவே இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'இன்றைக்குச் சரி' என்றுகூட எழுதவில்லை. 'சரி' என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு மதிய வேளையில். விரலில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிப் பக்கத்துக் கட்டில்காரருக்கு மாட்டிச் சோதித்துவிட்டார் என்று செவிலியர் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பேச மூச்சு போதவில்லை.

"மணி... போயிடுச்சா?"

"போயிடுச்சு சார். எல்லா வீட்லயும் மாட்டியாச்சு."

"டப்பா?"

"பத்திரமா இருக்கு சார். நீங்க வந்து பாத்தா அசந்துடுவீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வலி என்று நினைத்துத் தலையணையைச் சரி செய்தேன். அது வலியா? இல்லை, 'பத்திரமா' என்ற சொல்லைச் சந்தேகப்பட்டாரா? இனி எந்த மீட்டரை வைத்து அதை அளப்பது! ஒன்று மட்டும் தெரிகிறது. ஊரையே சந்தேகப்பட்ட அந்த மனிதர் வாழ்நாளில் யாரையாவது சந்தேகப்படாமல் விட்டார் என்றால், அது என்னைத்தான். ஒன்பது வருடம் என் கையெழுத்தை மறுபடி திறந்து பார்க்காமல் விட்டார்.

பெரியோர்களே, சந்தேகம் என்றால் கெட்ட குணம் என்று நாம் நினைக்கிறோம். அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் நாம் சிரிக்கவில்லையா? சரக்கு போவது தாமதமாகிறது என்று அலுத்துக்கொள்ளவில்லையா? நானும்தான். ஆனால் அவர் சந்தேகப்பட்டது நம்மை அல்ல. யாருமில்லாத அறையில் ஒரு கிழவியின் விரல் பொத்தானைத் தொடும் அந்த ஒரு கணத்தை! அந்தக் கணத்தில் கடைக்காரர் இருக்க மாட்டார், நிறுவனர் இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன். அங்கே அவர் மட்டும் முன்கூட்டியே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். பதினெட்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தார்.

நிறுவனர் அவர்கள் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். ஐந்து நிமிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நேரம் தாண்டிவிட்டது, தெரிகிறது. கூட்டத்தின் முடிவில் நீங்கள் ஓர் அறிவிப்பு செய்யப் போவதையும், சாரின் நாற்காலியை எனக்குத் தரப் போவதையும் நேற்று நீங்களே சொன்னீர்கள். நான் நன்றி சொன்னேன். நேற்று நான் வேறு ஆள். இனி நான் சொல்லப் போவது உங்களுக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. காலையிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இரங்கல் கூட்டத்தில் போய் எதற்கு இது, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தடுப்பீர்கள் என்று சந்தேகப்பட்டேன். நாளைக்கு என்று விட நேரமில்லை.

என் வீட்டு மணிக்குப் பதினெட்டு நாள். உங்கள் வீடுகளில் மாட்டியவற்றுக்கு இன்றோடு பதினாறு. இன்னும் இரண்டு நாளில் ஒவ்வொன்றாக ஊமையாகும். விளக்கு எரியாது. யாருக்கும் தெரியாது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். சோதனைத் தாளில் என் 'சரி'யை அடித்துவிட்டு, 'தவறு, நூற்றுப் பதினாறும் திரும்ப வர வேண்டும்' என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதன் நகலை இந்த மேடையிலேயே தலைமைச் செவிலியர் அவர்களிடம் கொடுக்கிறேன். ஐயா, உங்கள் அனுமதி கேட்டு அல்ல. வாசலில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிபெருக்கிச் சாமான் என்று நினைத்திருப்பீர்கள். வழியில் திறந்திருந்த கடைகளில் கிடைத்த பேட்டரிகள் அவை. இன்று மாலைக்குள் எல்லா வீட்டிலும் புதுப் பேட்டரி போட்டாக வேண்டும். அது இரண்டு வாரத் தவணை மட்டும்தான். அதற்குள் ஒவ்வொரு மணியாகக் கழற்றி ரெகுலேட்டரை நானே மாற்றுவேன். கடைசி மணி திரும்பி வந்து, கிழட்டுப் பேட்டரியில் அடித்து, மறுபடி வீடு போய்ச் சேரும் வரை அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன். அதற்குப் பிறகும் அதை எனக்குத் தருவதா என்பதை நன்றாகச் சந்தேகப்பட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மா, டப்பாவை என் பையில் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே இருந்த இளைஞர்களை வெளியேற்றிவிட்டேன். இப்போது அதில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். என் மாமியாரின் மணியிலிருந்து காலையில் கழற்றியவர்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் காகிதம் கட்டி, எவ்வளவு உயிர் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு மீட்டரிலும் அளந்துதான் எழுதினேன்.

தலைமைச் செவிலியர் அவர்களே, முதல் வீட்டின் முகவரியைச் சொல்லுங்கள்.